ஒரே கவரில் பைன் வாசம்

பஸ்ஸில் தோழி கனகா, கிருமி வளர்த்த தட்டுகள் இருந்த டப்பாவைத் திறந்ததும் பைன் மர எண்ணெய் வாசம். ராஜபாளையம் பஸ் கொஞ்ச நேரம் பனிமலைக் காட்டுக்குள் மிதந்தது.

அந்த எண்ணெய் கிருமியைக் கொல்லுமா என்பதுதான் அவள் காலேஜ் புராஜெக்ட். தட்டில் வைக்க, எண்ணெய் தடவிய காஸ் கட்டுத்துணி ஒன்று, வெறுந்துணி ஒன்று, நான் வேலை பார்க்கும் பேண்டேஜ் கம்பெனியிலிருந்து நான்தான் கொடுத்தேன். இன்று சாரிடம் ரிவ்யூ.

"ஏட்டி, வெறுந்துணியச் சுத்தியும் கிருமி வளரலயே! ரெண்டையும் ஒண்ணாவா வச்ச?"

"ஒரே கவர்லதான். கம்பெனியில அப்படித்தான் போடுவோம்."

"வாசம் அதுலயும் ஏறிருக்கு! சார் என்னயக் கொன்னுருவாரு."

காலேஜ் இருக்கும் கிருஷ்ணன்கோவிலில் முறைத்துக்கொண்டே இறங்கினாள்.

இப்போது அவளிடமிருந்து மெசேஜ்: "வாசத்துக்கே கிருமி சாகுதான்னு சார் அசந்துட்டாரு. கவர்ல போட்டவள நாளைக்குக் கூட்டிட்டு வரணுமாம்."

கையில் இன்னும் அந்தக் காட்டு வாசம்.

நான் பாதியில் விட்டு ஓடிவந்த காலேஜ் அது. வாட்ச்மேன் அண்ணனிடம் என்ன சொல்லி உள்ளே போக?