கொடி விழுந்த ஆட்டம்

டக்…

சுவரில் மாட்டிய பெரிய செஸ் போர்டில் காந்தக் காய் போய் ஒட்டிக்கொள்ளும் சத்தம். கூடவே, அன்றைக்குத்தான் பெட்டியிலிருந்து எடுத்துப் போட்ட ஸ்வெட்டர்களின் பாச்சை உருண்டை வாசனை. டெல்லிக் குளிர் என்று யாராவது சொன்னால் எனக்கு இந்த இரண்டும்தான் முதலில் வருகிறது.

தொண்ணூறுகளின் பின்பாதி. லோதி ரோடில் ஒரு ஹாலில், ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் ஒரு கிராண்ட்மாஸ்டர் வந்து லெக்சர் கொடுத்தார். என்னைவிட இரண்டு வயதுதான் பெரியவர். சொல்லிக்கொடுத்தது பொசிஷனல் செஸ். அதாவது அடிதடி இல்லாத ஆட்டம். அதுவரை நான் ஆடியதெல்லாம் ராணியைத் தூக்கிக்கொண்டு எதிராளியின் ராஜாவைத் துரத்துகிற முரட்டு ஆட்டம்தான். இவரோ காய்களை அடுக்கிவிட்டு எங்களைப் பார்த்துச் சிரிப்பார்.

"கௌன்ஸா மோஹ்ரா குஷ் நஹீ ஹை?"

எந்தக் காய் சந்தோஷமாக இல்லை? அதைக் கண்டுபிடி, அதற்கு ஒரு நல்ல இடமாகப் பார்த்துக் கொடு. அவ்வளவுதான் பாடம். மொத்த ஹாலும் யோசிக்கும். டீ வரும், குடிப்போம், கிளாஸைத் திருப்பிக் கொடுப்போம், இன்னும் யோசிப்போம்… அவர் அவசரப்படுத்தவே மாட்டார். அடடா, இவ்வளவு அழகான விளையாட்டா இது என்று சொக்கிப்போய் வீட்டுக்கு வருவேன்.

ஆனால் நான் போனது அழகுக்காக இல்லை.

அப்பா சென்ட்ரல் கவர்ன்மென்டில் செக்‌ஷன் ஆபீசர். ஜூன் கடைசியில் ரிடையர். அப்புறம் சில மாதங்களில் லக்ஷ்மிபாய் நகர் க்வார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். ஒரு டிபார்ட்மென்டில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் செஸ்ஸுக்கு ஒரே ஒரு இடம் இருந்தது. எனக்கு வயது வரம்பு அந்த வருஷத்தோடு முடிகிறது. அந்த வேலை கிடைத்தால் என்னை நம்பி அப்பாவும் அம்மாவும் டெல்லியிலேயே இருந்துவிடலாம். கிடைக்காவிட்டால் திருச்சி. முப்பத்து நாலு வருஷம் டெல்லியில் இருந்தவருக்குத் திருச்சியில் யாரைத் தெரியும்?

சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்து, மஃப்ளரைக்கூடக் கழற்றாமல் என் எதிரில் உட்கார்ந்துவிடுவார். செஸ் தெரியாது. லெக்சர் நோட்டைப் பார்த்து நான் சொல்லச் சொல்ல, கறுப்புக் காய்களை நகர்த்துவார். நான் யோசிக்கும்போது பேப்பர் படிப்பார்.

"நன்னா யோசி. ஒண்ணும் ஜல்தி இல்ல. அவசரப்பட்டு நோட் போட்ட எந்த ஃபைலும் உருப்பட்டதா சரித்திரமே கிடையாது."

மூன்று தடவை படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாத மனுஷர். அம்மா சமையல் உள்ளிலிருந்து கத்துவாள்: "தோசை ஆறிப் போறது! ரெண்டு பேரும் என்ன தவமா பண்றேள்?"

எங்கள் வீட்டில் செஸ் கடிகாரம் கிடையாது. அது வேண்டும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவும் இல்லை.

மந்திர் மார்க் பக்கம் ட்ரயல்ஸ். கடைசி ரவுண்டில் ஜெயித்தால் வேலை எனக்கு. அப்பா லீவ் போட்டுவிட்டு, தயிர்சாத டிபன் பாக்ஸோடு பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

எதிராளி ரோத்தக்கிலிருந்து வந்தவன். எனக்கு வெள்ளைக் காய்கள். இருபது மூவ் தாண்டியதும் பார்க்கிறேன்… என் குதிரை போர்டின் நடுவில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது, அதை விரட்ட அவனிடம் ஒரு சிப்பாய்கூட இல்லை. அவனுடைய பிஷப் தன் சிப்பாய்களுக்குப் பின்னாலேயே மாட்டிக்கொண்டு முழிக்கிறது. அப்படியே மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை லெக்சர்! போதாததற்கு எனக்கு ஒரு சிப்பாய் அதிகம்.

ஒவ்வொரு காயாக விசாரித்தேன். நீ சந்தோஷமா? நீ? இந்த யானையை இங்கே வைக்கலாமா, இல்லை, முதலில் ராஜாவை ஓரமாக நகர்த்திவிடலாமா? அவன் டக் டக்கென்று ஆடினான். மோசமாகத்தான் ஆடினான்.

"பாய் சாப்…" என்று மெதுவாகக் கடிகாரத்தின் பக்கம் விரலை நீட்டினான்.

அந்தக் காலத்துச் சாவிக் கடிகாரம். நமக்குக் கொடுத்த நேரம் முடிந்தால் ஒரு குட்டிச் சிவப்புக் கொடி விழும். விழுந்தால் தோல்விதான், போர்டில் எப்பேர்ப்பட்ட நிலை இருந்தாலும் சரி.

என் கொடி விழுந்திருந்தது.

அப்பா எழுந்து வந்து போர்டைப் பார்த்தார். விரல் விட்டுக் காய்களை எண்ணினார். முகமெல்லாம் சிரிப்பு.

"நம்மளுதுதானே ஜாஸ்தி இருக்கு! ஜெயிச்சுட்டியாடா?"

"டைம் போயிடுத்துப்பா."

அந்தச் சிரிப்பு போன விதத்தை எழுத என்னால் முடியவில்லை.

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை. பஸ் கிளம்பியதும் கேட்டார்: "நிதானமா ஆடு, நிதானமா ஆடுன்னு சொல்லி நான்தான் உன்னைக் கெடுத்துட்டேனோ?"

எனக்கு அவர்மேல் கோபமா, என்மேல் கோபமா, இன்றைக்கும் தெரியவில்லை.

திருச்சிக்குப் போனோம். எனக்கு அங்கேயே ஒரு பிரைவேட் கம்பெனியில் வேலை. அப்பா டாக்டரிடம்கூட "அச்சா, அச்சா" என்றுதான் தலையாட்டுவார். நவம்பர் வந்தால் பெட்டியிலிருந்து ஸ்வெட்டர்களை எடுத்து வெயிலில் காயப்போடுவார். சாயங்காலம் மடித்துத் திரும்ப உள்ளே வைப்பார். திருச்சியில் யாருக்கு ஸ்வெட்டர்? பதினோரு வருஷம் அப்படியே இருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

இப்போது கிராண்ட்மாஸ்டர் லெக்சர்கள் போனிலேயே கொட்டிக் கிடக்கின்றன. ஸ்பீடைக் கூட்டிவைத்துப் பார்க்கிறார்கள். போன வாரம் அந்தப் பழைய நிலையைப் போனில் அடுக்கிப் பார்த்தேன். ஒரே விநாடியில் சொல்லிவிட்டது: வெள்ளைக்கு ஜெயம், யானையை எங்கே வைத்தாலும் ஜெயம்.

அது போகட்டும். என்னை அரிப்பது அந்தக் கொடி இல்லை.

"இல்லப்பா, உன்னால இல்ல." இதைச் சொல்ல எனக்கு மந்திர் மார்க்கிலிருந்து எங்கள் ஸ்டாப் வரை நேரம் இருந்தது. அப்புறம் பதினோரு வருஷம் இருந்தது. பாவி, நான் அன்றைக்கு ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.