எச்சில் தட்டு கீழே, குழம்புச் சட்டி மேலே

பாத்திரம் கழுவும் மெஷின் வந்த பிறகு முனிலட்சுமிக்கு வேலை கூடிவிட்டது. முன்பு பாத்திரத்தை ஒரு தடவை கழுவினால் போதும். இப்போது மெஷினில் போடுவதற்காக அவள் ஒரு தடவை கழுவுகிறாள். அப்புறம் மெஷின் கழுவுகிறது.

ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் அவர்கள் குடியிருந்த வாடகை வீட்டுக்கு அந்த மெஷின் ஆடம்பரத்துக்காக வரவில்லை. ஓசூரில் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் அசெம்ப்ளி லைனில் நிற்பவள் அவள். கம்பெனி எண்ணெயும் வீட்டுச் சோப்புத் தண்ணீரும் கூட்டுச் சேர்ந்ததில் விரலிடுக்கெல்லாம் வெடித்துவிட்டது. "சோப்புத் தண்ணியில கையே வைக்காதம்மா. அடுத்த மாசம் பாக்கறேன். ஆறலேன்னா பேக்கிங்குக்கு மாத்தச் சொல்லிடுவேன்" என்றார் கம்பெனி டாக்டர். லைனில் நின்றால் என்றாவது பெர்மனென்ட் ஆகலாம். பேக்கிங்குக்குப் போனவர்கள் பெர்மனென்ட் ஆனதாகச் சரித்திரம் இல்லை.

கணவன் வெங்கட் அவள் கையைப் பார்த்தான். பெங்களூரில் வீடு காலி செய்த யாரோ விற்ற மெஷினை டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். அன்பைச் சொல்ல வராதவர்கள் அதைக் கனமான பொருளாகக் கொண்டுவந்து இறக்கிவிடுகிறார்கள்.

மாமியார் ஜோதியம்மாளுக்கு மெஷின்மேல் விரோதம் இல்லை. ஒரே ஒரு சந்தேகம்தான்.

"தின்ன தட்டையும் ஆக்குற சட்டியையும் ஒரே பொட்டியில வெச்சு மூடுவியா? அந்த எச்சில் தண்ணி எங்கெங்க போவும்?"

"சுடுதண்ணியிலதான் கழுவுது அத்தே."

"எச்சிலை வேக வெச்சா எச்சில் இல்லாமப் பூடுமா?"

ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் தூங்கி வழிந்தபடி வந்த உடம்பு வாதாடுவதற்கு லாயக்கில்லாதது. முனிலட்சுமி களிப் பானையைச் சுரண்டினாள், தட்டுகளைச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள், பளபளவென்று ஆன பிறகு ஒவ்வொன்றாக மெஷினில் அடுக்கினாள். விரல்கள் எரிந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அலுப்பில் சோப்பு நுரையை அலசாமலேயே டம்ளர்களை உள்ளே வைத்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் மெஷின் கதவோரமாக நுரை கிளம்பி, அடுப்படியைத் தாண்டிக் கூடத்துக்கு வந்தது.

"பாத்தியா, எச்சில் பொங்குது!" என்றாள் ஜோதியம்மாள். குரலில் பயத்தைவிடத் திருப்திதான் அதிகம்.

ரிப்பேருக்கு வந்த ஹரீஷ்குமார் கதவைத் திறந்து மோந்து பார்த்தான்.

"சோப்புப் போட்டுக் கழுவினீங்களாக்கா?"

"ஆமா."

"கழுவிட்டு எதுக்குக்கா இதுல போடறீங்க?"

நியாயமான கேள்வி. முனிலட்சுமி மாமியாரைப் பார்த்தாள்.

அவனே சொல்லிக்கொடுத்தான். சோற்றுப் பருக்கை, கறிவேப்பிலை, முருங்கைச் சக்கை எல்லாவற்றையும் தட்டிவிட வேண்டும். களிப் பானையில் வெறும் தண்ணீர் ஊற்றி ஊறவிட வேண்டும். தட்டுகள் நடுப்பக்கம் பார்த்து நிற்க வேண்டும், டம்ளர்கள் குப்புற. உள்ளே சுழலும் துடுப்பைக் கையால் சுற்றிக் காட்டி, "இங்கேர்ந்து தண்ணி மேல அடிக்கும். இது சுத்தறதுக்குக் குறுக்க கரண்டி நிக்காம பாத்துக்குங்க, அவ்ளோதான்" என்றான்.

அன்று சாயங்காலம் முனிலட்சுமி தட்டுகளைக் கழுவாமலேயே அடுக்கினாள். இதைத் துணிச்சல் என்று சொல்ல முடியாது. அலுப்பு முற்றினால் அதுவும் பார்ப்பதற்குத் துணிச்சல் மாதிரிதான் இருக்கும். ஜோதியம்மாள் தன் குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு வெளிக் குழாய்க்குப் போனாள்.

சில நாள் அப்படியே நடந்தது. குழாயடியில் உட்காருவது சுலபம். எழுந்திருப்பதற்கு மூட்டு ஒத்துழைக்க வேண்டும். கடைசியில் ஒரு நாள் சட்டி தானாக அடுப்படிக்குத் திரும்பி வந்தது.

"இந்தா, இதையும் போடு. ஆனா ஒண்ணு. எச்சில் தட்டு கீழ் அடுக்குல, என் சட்டி மேல் அடுக்குல. தண்ணி மேலருந்துதானே கீழ வரும்? எச்சில் மேல ஏறாது பாரு."

முனிலட்சுமி துடுப்பைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தாள். தன் விரலிடுக்கைப் பார்த்தாள். சோப்பு படாத இடத்தில் புதுத்தோல் ஓடத் தொடங்கியிருந்தது.

"ஆமா அத்தே. மேலருந்துதான்."

ஜோதியம்மாளுக்கு நிம்மதி. "மேல இன்னும் எடம் கீதே" என்று, சற்று முன் தான் வாய்வைத்துக் காப்பி குடித்த டம்ளரையும் கொண்டுவந்து சட்டிக்குப் பக்கத்தில் கவிழ்த்தாள். வாசற்படியில் நின்றிருந்த வெங்கட் சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போனான்.

அடுத்த மாதம் கம்பெனி டாக்டர் கையைப் புரட்டிப் பார்த்து, "பரவால்லையே, லைன்லயே நில்லும்மா" என்றார். நாள் முழுக்கக் கால் கடுக்க நிற்க வேண்டிய அதே இடம்தான். முனிலட்சுமி அவருக்கு நன்றி சொல்லிவிட்டு, போய் நின்றாள்.