நெத்திலிக்குப் பின்னால் வெற்றிடம்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அந்தப் பெருமை எனக்கு உண்டு. அருமனைப் பக்கம் ரப்பர் பால் வெட்டும் அப்பாவுக்கும், அம்மாவுக்கும் நாகர்கோவில் ஆபீசில் நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை.

குளச்சலில் ஒரு மீன் ஏற்றுமதிக் கம்பெனி. அதன் சரக்கு விவரத்தைக் கப்பல் ஏஜெண்டின் பழைய கம்ப்யூட்டர் வாசிக்கும் வடிவத்துக்கு மாற்ற வேண்டும். இப்படி மாற்றுவதை மேப்பிங் என்போம்; நான் தனியாகச் செய்த முதல் மேப்பிங் அது. அந்தக் கம்ப்யூட்டருக்குக் கமா தெரியாது, பிரிக்கும் கோடு தெரியாது. மீன் பெயருக்கு இருபது எழுத்து இடம், அடுத்து எடை, அவ்வளவுதான். நெத்திலி மாதிரிச் சின்னப் பெயர் வந்தால் மிச்சத்தை ஸ்பேஸ் போட்டு நிரப்பவேண்டும். இல்லாவிட்டால் எடை முன்னால் நகர்ந்து பெயரோடு ஒட்டிக்கொள்ளும்.

ஃபைல் எங்களிடம் சரியாக இருந்தது. கம்பெனி வழியாக ஏஜெண்டிடம் போனதும் திரும்பி வந்தது. மறுநாளும் அப்படியே.

"இன்னைக்கும் திரும்பினா சென்னை டீமுக்குக் குடுத்திருவேன்" என்றார் மேனேஜர்.

பக்கத்து சீட்டில் என் வயதுக்காரி ஒருத்தி, குளச்சல்காரி. திரும்பி வந்த ஃபைலை வாங்கி, ஸ்பேஸ் இருக்கும் இடமெல்லாம் புள்ளி தெரியும்படி மாற்றினாள். ஒரு புள்ளிகூட இல்லை; நான் போட்ட ஸ்பேஸ் எல்லாம் போயிருந்தது.

"ஏட்டி, ஒனக்க வேலை சரியாக்கும். நடுவுல யாரோ கை வச்சிருக்காவ. வா, போய்ப் பாப்போம்."

பஸ் பிடித்துக் குளச்சல் கம்பெனிக்குப் போனோம். அங்கிருந்து ஏஜெண்டுக்கு ஃபைலை மெயிலில் அனுப்புகிற அக்கா, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதைத் திறந்து ஸ்பேஸை எல்லாம் அழிக்க ஆரம்பித்தார்.

"எடயில எடயில வெறுமன கெடக்கு மக்கா. பாக்க ஒரு சேலு இல்ல, அழகு இல்ல. நாந்தான் நாளும் ஒதுக்கி அனுப்புவேன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. குளச்சல்காரியோ ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எக்கா, பெட்டியில மீன் கொறஞ்சா எடயில என்னத்தப் போடுவிய?"

"ஐஸு. இல்லேன்னா லாரியில ஆடி ஒடஞ்சு போவும்லா."

"இதும் ஐஸாக்கும். எடுத்தா உள்ள கெடக்கது ஆடிரும்."

அக்கா திரையையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப வெறும் எடம் போடதுக்கா ஒங்களுக்குச் சம்பளம்?"

"ஐஸுக்குக் காசு குடுக்கியளா இல்லியா?"

அக்கா சிரித்துவிட்டார். கை வைக்காமல் ஃபைலை அனுப்பினார். நாங்கள் மூவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஏற்றுக்கொண்டதாக ஏஜெண்டின் பதில் வந்தது.

நானாக இருந்தால் அந்த அக்காவிடம் சண்டை போட்டுவிட்டு வந்திருப்பேன். மறுநாளும் ஸ்பேஸ் காணாமல் போயிருக்கும். இவள் சொன்ன பிறகு, புதிதாக வருகிறவர்களிடம் "அதுல தொடாதே, ஐஸ்" என்று அந்த அக்காவே சொல்வதாகக் கேள்விப்பட்டேன். மேப்பிங் என் கையை விட்டுப் போகவில்லை.

ஃபைல் ஏற்றுக்கொள்ளப்பட்ட அன்று வீட்டில் அம்மாவிடம், "நான் ஐஸ் போடுத வேலை பாக்கேன்" என்றேன்.

"ஏட்டி, அதுக்கா இவ்வளவு படிச்ச?" என்றாள் அம்மா.