பூங்காவுக்கு விட்ட இடம்

கல்லல் பக்கம் எங்கள் மானாவாரி நிலத்தை மனை போட விற்றபோது, ஒரு பகுதியைத் திறந்தவெளியாக விட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். வரைபடத்தில் பச்சை அடித்துப் பூங்கா என்று காட்டினார்கள். நம்பிக் கையெழுத்துப் போட்டேன்.

அங்கே வெகுகாலமாக ஆடு மேய்த்த அக்கா ஒருநாள் வீட்டுக்கு வந்தார்.

"பூங்கான்னு கம்பி வேலி போட்டுப் பூட்டிட்டாக. நீங்கதான கையெழுத்துப் போட்டீக, ஆட்டை எங்குட்டு ஓட்டிட்டுப் போக?"

மனை போட்டவரிடம் போய்க் கேட்டேன். "குடிவாரவுக காத்து வாங்க விட்ட இடம். ஆடு மேய்க்கவா விட்டோம்?" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. கையெழுத்துப் போடுமுன் நான்தான் அந்த அக்காவை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அக்கா ஆடுகளை விற்றுவிட்டார். இப்போது அதே மனைகளில் சித்தாளாக மண் சுமக்கிறார். வழியில் பார்த்தால் எப்போதும்போல நலம் விசாரிக்கிறார். என்னால்தான் முகம்கொடுத்துப் பேச முடியவில்லை.