நான்கு சக்கரமும் சுட்ட நாள்

முதலில் வாடை வரும், பிறகுதான் ஜீப் வரும். நெமிலிச்சேரியில் எங்கள் தெருவுக்குள் மாமனாரின் பழைய ராணுவ ஜீப் திரும்பும்போதே, பிரேக் தீய்ந்த நாற்றம் சமையலறை ஜன்னல் வழியாக உள்ளே நுழைந்துவிடும். இன்றைக்கும் ஏதாவது லாரியிலிருந்து அந்த வாடை வந்தால் போதும், என் கால் தானாக வாசலுக்குப் போய்விடும். அவர் இறங்கியதும் என்னைப் பார்க்கமாட்டார். என் கணவர் வீட்டில் இருக்கிறாரா என்றுதான் எட்டிப் பார்ப்பார்.

பயப்படக் காரணம் இருந்தது. இன்னொரு தடவை புகைந்தால் வண்டியை விற்றுவிடுவதாக என் கணவர் சொல்லியிருந்தார். கோளாறு வண்டியில் இல்லை, அப்பாவின் காலில் என்பது அவர் கட்சி. வயதாகிவிட்டது, கால் மரத்துப்போகிறது, பிரேக்கின் மேலேயே வைத்துக்கொண்டு ஓட்டுகிறார், அது அவருக்கே தெரியவில்லை என்பார். மாமனாரின் சந்தேகமோ மகன் மேல். "நான் அசந்த நேரம் பாத்து இவன்தான் எதையோ திருகி உட்டுகினு கீறான்" என்று என்னிடம் ரகசியமாகச் சொல்வார். ராணுவக் கிடங்கில் வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஏலத்தில் எடுத்த அந்த ஜீப்பை விட்டால் வெளியே போக அவருக்கு வேறு சாக்கு கிடையாது. அதைப் பிடுங்கிவிட்டால் மனிதர் ஒடிந்துபோவார் என்று எனக்குப் பயமாக இருந்தது.

எனக்கு எல்லோர் மேலும் சந்தேகம். அம்பத்தூரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை எனக்கு. வருகிற பொருளை நல்லது என்று நம்பித் தொட்டால் அன்றைக்கே மாட்டிக்கொள்வேன். வீட்டிலும் அந்தப் புத்தி போகாது. முதலில் ஜீப்புக்குப் பிரேக் வேலை பார்த்த திருமழிசை மெக்கானிக்கைப் பிடித்தேன். "எல்லாம் புச்சு போட்டுட்டேன்க்கா" என்று அவர் சிரித்த சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. சக்கரத்தைக் கழற்றி, பிரேக்கை மூடியிருக்கும் டிரம்மை இழுத்துக் காட்டச் சொன்னேன். உள்ளே பிரேக் ஷூ புதிதாகத்தான் இருந்தது, எண்ணெய்க் கசிவு இல்லை, ஸ்பிரிங்கும் சரியாக இழுத்தது. அவரைத் திட்ட வழியில்லாமல் திரும்பி வந்ததில் கொஞ்சம் எரிச்சல்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். குத்தம்பாக்கம் வரை போய்வரலாம் மாமா என்றேன். பேச்சுத்துணைக்கு வருகிறேன் என்று அவர் நம்பவில்லை.

"என் கால பாக்கத்தானே வர்றே?"

ஆமாம் மாமா என்றேன். வழியெல்லாம் காலையே பார்த்தேன். தேவையான இடத்தில் மட்டும் மிதித்தார், உடனே எடுத்துத் தரையில் வைத்தார். எனக்குக் காட்டுவதற்காகவே ஒழுங்காக ஓட்டுகிறாரோ என்று அதையும் சந்தேகப்பட்டேன். ஆனால் திரும்பும்போது, கால் தரையில் இருக்கையிலேயே, பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுப்பது போல வண்டியின் ஓட்டம் குறைந்தது. வாடையும் வந்துவிட்டது.

வாசலில் இறங்கி ஒவ்வொரு டிரம்மின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோனேன். ஒன்று மட்டும் சுட்டிருந்தால் கோளாறு அந்தச் சக்கரத்தில். நான்கும் ஒரே மாதிரி சுட்டன. அப்படியானால் நான்குக்கும் பிரேக் எண்ணெயை அனுப்பும் இடத்தில்தான் ஏதோ கோளாறு. தள்ளிப் பார்த்தோம், வண்டி அசையவில்லை. பெடலுக்குப் பக்கத்தில் தரைத்தகட்டைத் திறந்து, எண்ணெய்த் தொட்டியின் மூடியைத் திருகினேன். புஸ்ஸென்று காற்று போனது. அத்தனை நேரம் அடம்பிடித்த ஜீப் தானாக உருண்டது. மாமனார் ஓடிப்போய்ச் சக்கரத்துக்குக் கல் வைத்தார்.

அந்த மூடியில் ஒரு சின்னத் துளை இருக்கவேண்டும். எண்ணெய் சூடாகும்போது உள்ளே சேரும் அழுத்தம் அதன் வழியாகத்தான் வெளியேறும், இல்லாவிட்டால் மிதிக்காமலே பிரேக் பிடிக்கும். துளை இருக்கவேண்டிய இடத்தில் பச்சை பெயிண்ட், பூச்சின் மேல் பூச்சாக. வருஷாவருஷம் ஆயுத பூஜைக்கு முன் மாமனாரே வண்டிக்குப் பெயிண்ட் அடிப்பார். தணிக்கைக்கு வரும் அதிகாரி எங்கே குனிந்து பார்ப்பார் என்று தெரியாது என்பதால், கிடங்கில் ஒரு ஆணியைக்கூடப் பெயிண்ட் பூசாமல் விடமாட்டார்களாம். தகட்டுக்கு அடியில் கிடந்த மூடிக்கும் அந்த மரியாதை கிடைத்திருந்தது. ஊசியால் குத்திக் குத்தித் துளையைத் திறந்தேன்.

சத்தம் கேட்டு என் கணவர் வெளியே வந்தார்.

"இன்னா நைனா, காலுதானே?"

காலில் ஒரு குறையும் இல்லை, மூடி அடைத்திருந்தது, எடுத்துவிட்டேன் என்று நான் முந்திக்கொண்டேன். பெயிண்ட்டைப் பற்றி மூச்சுவிடவில்லை. என் கணவரின் முகம் போன போக்கைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஜெயித்த மாமனார் மட்டும் சிரிக்கவில்லை. மூடியை என் கையிலிருந்து வாங்கி வெயிலில் காட்டினார். கண்ணருகே கொண்டுவந்தார், தள்ளிப் பிடித்தார், மறுபடி அருகே கொண்டுவந்தார்.

"ஓட்டய தொறந்துட்டியாம்மா?"

"தொறந்துட்டேன் மாமா."

கட்டைவிரலால் மூடியை மெதுவாகத் தடவிக்கொண்டே போனார். விரல் ஓரிடத்தில் நின்றது.

"இப்பவும் என் கண்ணுக்குத் தெரில" என்றார். பிறகு மகனைக் கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்தார்.