பிரிக்காத மணவறை

லோகேஸ்வரன் இதுவரை எத்தனை மணவறை கட்டியிருப்பார் என்று அவருக்கே தெரியாது. அவற்றில் ஒன்றுகூட இன்று இல்லை என்பது மட்டும் நன்றாகத் தெரியும். காலையில் தாலி ஏறும், மதியம் பந்தி முடியும், அதற்குள் மண்டபத்துக்காரர் கைக்கடிகாரத்தைத் தட்டிக்கொண்டே வந்து நிற்பார். தூண், திரை, தோரணம் எல்லாவற்றையும் பிரித்து லோரியில் ஏற்றிவிட வேண்டும். முதல் முடிச்சை லோகேஸ்வரன்தான் அவிழ்ப்பார்; வேலையாட்கள் தொடக்கூடாது. அவிழ்க்கும்போது வாய்க்குள் ஏதோ சொல்வார். "போயிட்டு வா" என்று சொல்வதாக வேலையாட்கள் நம்புகிறார்கள். கேட்டால் தொண்டையைச் செருமினேன் என்பார்.

பினாங்கில், சூலியா தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில் அவருடைய கடை. உள்ளே போனால் பொன்வண்ணத் தூண்கள், பட்டுத் திரைகள், ஒற்றைக் காதுடன் ஒரு ஃபைபர் யானை. இன்னொரு காது எங்கே என்று கேட்டால், "அது கேமரா பக்கம் வராத காதும்மா" என்பார். கலை அவர் பொறுப்பு. விலை பேசுவது, தேதி குறிப்பது, ஃபோன் எடுப்பது, வேலையாட்களுக்குச் சாப்பாட்டைப் பொட்டலமாகத் தாப்பாவ் பண்ணி வருவது ஆகிய சில்லறை வேலைகள் மனைவி ரமணியின் பொறுப்பு. ஆகவே கடையை நடத்துவது தான்தான் என்று லோகேஸ்வரன் நம்பினார்.

இணையத்தளம் வேண்டும் என்று சொன்னதும் ரமணிதான். கல்யாணப் பெண்கள் யாரும் இப்போது கடைக்கு வருவதில்லை, "லிங்க் அனுப்புங்க அக்கா" என்கிறார்கள் என்றாள். கெலுகோரில் வீட்டிலிருந்தபடியே இணையத்தளம் கட்டிக் கொடுக்கும் நூர் ஃபாத்திஹாவைப் பிடித்தார்கள். நாற்பது வயது, மூன்று பிள்ளைகள், பொறுமையாகப் பேசுகிறவள். அந்தப் பொறுமை எவ்வளவு நீளும் என்பது பிறகு தெரிந்தது.

திறப்பு விழா நல்ல நேரம் பார்த்து நடந்தது. தேங்காய் உடைத்தார்கள். புதுக் காருக்கு வைப்பதுபோல் மடிக்கணினிக்கு அடியில் நான்கு எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும் என்று லோகேஸ்வரன் நின்றார். கவிழ்ந்துவிடும் என்று ஃபாத்திஹா மன்றாடியதால் பக்கத்தில் வைத்தார். கற்பூரம் காட்டிவிட்டு நாற்காலியில் சாய்ந்து, "முடிஞ்சது" என்றார்.

"இனிமேதான் அண்ணே ஆரம்பம்."

"தாலி கட்டியாச்சு. இனிமே சாப்பாடுதானே?"

"தாலி கட்டுனப்புறம்தானே அண்ணே குடும்பம் நடத்தணும்?"

ரமணி சிரித்த சிரிப்பில் கற்பூரம் அணைந்தது.

தொடங்கியதுடன் விட்டுவிடக் கூடாது என்று ஃபாத்திஹா சொன்னதை லோகேஸ்வரன் அலட்சியம் செய்யவில்லை. அலட்சியம் செய்திருந்தால் ஊருக்கு நல்லதாக இருந்திருக்கும். பல ஃபோன்களில் தளம் சரியாகத் தெரிகிறதா பாருங்கள் என்றாள். சூலியா தெருவில் நாணயம் மாற்ற வந்த வெள்ளைக்காரர் வரை எல்லோரிடமும் ஃபோனை வாங்கிப் பார்த்தார். விசாரணைப் படிவம் வேலை செய்கிறதா என்று சோதியுங்கள் என்றாள். ஈப்போவிலிருந்து ஒரு மாப்பிள்ளைபோல் தனக்கே எழுதினார். அந்த மாப்பிள்ளை விலையைக் குறைக்கச் சொல்லியிருந்ததால் தனக்கே கோபமாகப் பதிலும் எழுதினார். வாடிக்கையாளர்களிடம் நாலு வார்த்தை எழுதச் சொல்லுங்கள் என்றாள். முதலில் எழுதியது ரமணியின் தம்பி: "சாப்பாடு அருமை." லோகேஸ்வரன் சாப்பாடு போடுவதில்லை. எல்லாவற்றுக்கும் ஒரு பேக்கப் வேண்டும் என்றாள். தளத்தில் இருந்த படங்களையெல்லாம் பெரிதாக அச்சடித்து, லேமினேட் செய்து, கட்டிலுக்கு அடியில் வைத்தார்.

வரைபடத்தில் கடையைக் குறிக்கும் வேலையில் மட்டும் சின்னப் பிசகு. குறி இரண்டு கடை தள்ளி, ஒரு சீனரின் சவப்பெட்டிக் கடைமேல் போய் விழுந்துவிட்டது. பட்டர்வொர்த்திலிருந்து வந்த ஒரு பெண்ணின் பெற்றோர் அங்கே நுழைந்து, மகளுக்கு அலங்காரம் பண்ண வேண்டும் என்று மலாயில் சொல்ல, அந்தப் பெரியவர் எழுந்து நின்று, என்ன வயது என்று மெதுவாகக் கேட்டிருக்கிறார். இருபத்தாறு என்றதும் கண்கலங்கிவிட்டார். நல்ல மனிதர். இன்றும் அந்தக் குடும்பத்தைப் பற்றி விசாரிப்பார்.

ஃபாத்திஹா சொன்னதில் லோகேஸ்வரன் மறுத்தது ஒன்றே ஒன்று. முகப்பில் உள்ள படத்தை அவ்வப்போது மாற்ற வேண்டும் என்றாள்.

"அதெல்லாம் ஆகாது. கல்யாணப் படத்தைக் கழட்டக் கூடாது. அவங்க குடும்பத்துக்கு நல்லதில்ல."

சாஸ்திரம் அப்படி எங்கும் சொல்லவில்லை. லோகேஸ்வரனுக்கும் அது தெரியும். அந்தப் படம் அவர் கட்டியதிலேயே மிகச் சிறந்த மணவறையின் படம், அதுதான் காரணம். நிபோங் திபாலில் நடந்த கல்யாணம். கேமரன் மலையிலிருந்து வர வேண்டிய பூ லோரி, நெடுஞ்சாலையில் கெட்டு நின்றுவிட்டது. பெண்ணின் அப்பா எண்ணெய்ப்பனை என்னும் செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். அவர் காட்டிய இடத்தில் செம்பனை மட்டைகளை வெட்டிவந்து, முள்ளைச் சீவி, வளைத்து, ஒன்றின்மேல் ஒன்றாக விரித்துக் கட்டினார் லோகேஸ்வரன். ஆட்களின் கையெல்லாம் ரத்தம். விடிந்தபோது மேடையில் ஒரு பச்சை மயில் தோகை விரித்து நின்றது. வந்தவர்கள் சாப்பிடுவதை மறந்து அதன்முன் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். பந்தி முதல் முறையாக மெதுவாக நகர்ந்தது. அது விபத்தில் பிறந்தது என்று லோகேஸ்வரன் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. "ஒரு கற்பனை" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

அந்த மணவறை முழுதாகத் தெரியும் நல்ல படம் ஒன்றுதான் மிஞ்சியது. நடுவில் மணப்பெண் மோகனா, தலைக்குமேல் வளைந்த மட்டையை அண்ணாந்து பார்த்துச் சிரிக்கிறாள். பக்கத்தில் மாப்பிள்ளை ஃபோட்டோக்காரரைப் பார்க்கிறார். இணையத்தளத்தைத் திறந்தால் முதலில் வருவது அதுதான். போதாததற்கு, தளம் தொடங்கிய செய்தியை ஊருக்குச் சொல்ல வேண்டும் என்று ஃபாத்திஹா சொன்னதால், அதையே பெரிதாக அச்சடித்து லோரியின் பக்கவாட்டிலும் ஒட்டிவிட்டார். மோகனா ஜார்ஜ் டவுன் முழுக்கச் சுற்றினாள்.

ஒரு சனிக்கிழமை அந்த மோகனாவே கடைக்கு வந்தாள். லோகேஸ்வரனுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. கோப்பி கொண்டுவரச் சொன்னார். பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார். கேட்டதும் ரமணி மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தாள். ரமணிக்கு முகம் படிக்கத் தெரியும்.

"அங்கிள், நான் அந்த மேடையிலேருந்து இறங்கி மூணு வருஷம் ஆச்சு," என்றாள் மோகனா. "கோர்ட்டுல எல்லாம் முடிஞ்சிருச்சு. உங்க வெப்சைட்டுல மட்டும்தான் இன்னும் உக்காந்துக்கிட்டே இருக்கேன்."

லோகேஸ்வரன் கோப்பியைக் கீழே வைத்தார்.

மோகனாவுக்கு மறுபடி கல்யாணம் பேசி முடிந்திருந்தது. மாப்பிள்ளை தயாளன், அவளோடு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை செய்பவர். அவருடைய அம்மா நவமணிக்கு முதல் கல்யாணம் பற்றி எல்லாம் தெரியும். முடிந்த கதை என்று ஏற்றுக்கொண்டும்விட்டார். ஆனால் மண்டப அலங்காரத்துக்கு ஆள் தேடியவர் கையில் லோகேஸ்வரனின் தளம் கிடைத்துவிட்டது.

"தெனம் ஃபோனை எடுத்து அந்தப் படத்தையே பாக்குறாங்க அங்கிள். பெருசாக்கிப் பெருசாக்கிப் பாக்குறாங்க. ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறாங்க. நானும் கேக்கல. தயாளனும் கேக்கல. எங்க ரெண்டு பேருக்கும் தூக்கமே இல்ல. என்னை இறக்கிடுங்க."

"கல்யாணப் படத்தைக் கழட்டுனா ஆகாதும்மா... அந்தக் குடும்பத்துக்கு..."

"அந்தக் குடும்பம்தான் போயிருச்சே அங்கிள். இனிமே அதுக்கு என்ன ஆகணும்?"

பார்க்கிறேன் என்றார். மோகனா போனதும் ஃபாத்திஹாவைக் கூப்பிட்டு, ஆட்களை மட்டும் எடுத்துவிட்டு மணவறையை வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார்.

"நட்ட நடுவுல இருக்காங்க அண்ணே. முகத்தை மட்டும் மங்கலாக்கலாம்."

"அலாமாக்! பேப்பர்ல போடுற மோசடிக் கேஸ் மாதிரி இருக்காதா?"

"இருக்கும்லா. அதான் மாத்திக்கிட்டே இருங்கன்னு அன்னைக்கே சொன்னேன். மாத்தியிருந்தா இந்நேரம் அது பத்துப் படத்துக்குக் கீழ போயிருக்கும்."

அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு பெண்ணின் தூக்கம் ஒரு பக்கம். அவர் வாழ்நாளில் கட்டியதில் கலையாமல் நின்ற ஒரே மணவறை இன்னொரு பக்கம். எது பெரிது என்று அவருக்குச் சந்தேகமே இல்லை. சந்தேகமில்லாத விஷயத்தைச் செய்வதற்கு மனிதனுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதுதான் வேடிக்கை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, ஒரு கல்யாணம் முடிந்து மணவறையைப் பிரிக்க நின்றார்கள். ரோஜாவும் வெள்ளைத் திரையுமாக நல்ல வேலைதான். மண்டபத்துக்காரர் கடிகாரத்தைத் தட்டினார். லோகேஸ்வரன் முதல் முடிச்சில் கை வைத்தார், தொண்டையைச் செருமினார், அவிழ்க்கவில்லை.

வாழையிலை தூக்கிக்கொண்டு வந்த ரமணி நின்றாள். "என்னங்க, இதையும் வச்சுக்கப் போறீங்களா?"

"இல்ல..."

"அடுத்த பொண்ணு வந்து உக்காரணும்னு மண்டபத்துக்காரர் சொன்னா ஒரு நிமிஷத்துல பிரிக்கிறீங்க. அதையே மோகனா வந்து சொன்னா, சாஸ்திரம் பேசுறீங்க."

முடிச்சு அவிழ்ந்தது. அங்கேயே, மேடைப் படியில் உட்கார்ந்து, ஃபாத்திஹாவை அழைத்தார்.

"நான் எடுத்துடறேன் அண்ணே, ஒரு நிமிஷம்."

"வேணாம் தங்கச்சி. நீ சொல்லு. நானே எடுக்கிறேன்."

அவள் சொல்லச் சொல்லத் தொட்டுக்கொண்டே போனார். கடைசியில் தளம், நிச்சயமாகவா என்று கேட்டது. தொண்டையைச் செருமிவிட்டு அழுத்தினார்.

அதோடு முடியவில்லை. ஃபேஸ்புக்கில் போட்டது, வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்பியது, கூகுளில் ஏற்றியது என்று அவர் ஊரெல்லாம் சொல்லி வைத்ததையெல்லாம் ஃபாத்திஹா ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்தினாள். நான்கு எலுமிச்சம்பழத்தோடு தொடங்கியதைப் பிரிக்க மாலை வரை ஆயிற்று. லோரியில் ஒட்டியிருந்ததை ரமணியின் ஹேர்டிரையரால் சூடு காட்டி உரித்தார்கள். மாப்பிள்ளை சுலபமாக வந்துவிட்டார். செம்பனை மட்டைதான் வரமாட்டேன் என்றது.

"கட்டிலுக்குக் கீழ இருக்கிறது?" என்றாள் ரமணி.

"அது பேக்கப்பு."

ரமணி அவரைப் பார்த்தாள். மறுநாள் அதை மோகனாவிடமே கொடுத்துவிட்டு வந்தாள். அவள் அதை என்ன செய்தாள் என்று யாரும் கேட்கவில்லை.

அந்த வாரமே ரமணியின் ஃபோன் அடித்தது. எடுத்தால், தயாளனின் அம்மா நவமணி. குரலில் கோபம்.

"அந்தப் பச்சை மணவறை எங்கம்மா போச்சு? இங்க சொந்தக்காரங்ககிட்ட காட்டலாம்னு பாத்தா காணோம்! அந்த மாதிரிதான் வேணும்னு நான் முடிவு பண்ணி வச்சிருக்கேன். அது என்ன தென்னை ஓலையா, செம்பனையா? பெருசாக்கிப் பாத்தும் புரியல."

"அக்கா... அதுல மோகனா இருந்தாங்கன்னு..."

"இருந்தா என்ன? பொண்ணு நல்லாத்தான் சிரிச்சிருக்கு. பக்கத்துல யாரு இருந்தாங்கன்னு நான் பாக்கவே இல்ல."

அந்த அம்மாள் பார்த்தது ஓலையை. மோகனாவும் தயாளனும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமலேயே பல வாரம் தூங்காமல் இருந்திருக்கிறார்கள். அப்படியானால் படத்தை எடுத்தது தேவையில்லாத வேலையா? லோகேஸ்வரனுக்கு ஒரு கணம் அப்படித்தான் தோன்றியது. மோகனாவிடம் கேட்கவும் செய்தார்.

"அவங்களுக்காக மட்டுமா அங்கிள் எடுக்கச் சொன்னேன்?" என்றாள் அவள். பிறகு சிரித்தாள். "சரி, அத்தைக்குப் பச்சைதான் வேணுமாம். ஆனா அதே மாதிரி வேணாம். வேற மாதிரி கட்டுங்க."

கட்டினார். இந்த முறை பூ லோரி நேரத்துக்கே வந்துவிட்டது. அதுதான் அவரைக் குழப்பியது. நிபோங் திபாலிலிருந்து மட்டைகளை மோகனாவின் அப்பாவே முள் சீவிக் கொடுத்தனுப்பினார். ஜெலுத்தோங்கில் சின்ன மண்டபம், மேடையும் சின்னது. தோகையாக விரிக்க இடமில்லாததால் மட்டைகளைக் குடைபோல் தாழ்வாக வளைத்து, நுனிகளில் மட்டும் மல்லிகையைத் தொங்கவிட்டார். முன்னதைவிட நன்றாக இருக்கிறது என்று ரமணி சொன்னாள். அப்படியெல்லாம் இல்லை என்று லோகேஸ்வரன் சொன்னார். சொல்லிவிட்டு மூன்று முறை தூர நின்று பார்த்தார்.

மாப்பிள்ளை வருவதற்கு முன்பே, யாரும் உட்காராத மணவறையைத் தன் ஃபோனில் படம் எடுத்து, அவரே தளத்தின் முகப்பில் ஏற்றினார். உடனே ஃபாத்திஹாவின் அழைப்பு.

"ஆளே இல்லாம இருக்கே அண்ணே?"

"இருக்கட்டும். பாக்கிறவங்க தங்களை உக்கார வச்சுப் பாத்துக்குவாங்க."

"இது நல்லா இருக்கே. ஆனா அடுத்த மாசம் மாத்தணும்."

"மாத்துவோம்லா."

கல்யாணம் முடிந்து, பந்தியும் முடிந்து, புறப்படும் நேரத்தில் மோகனா மேடைப் பக்கம் வந்தாள். படத்தைக் காட்டச் சொன்னாள். "ஆளே இல்லாத படம்மா" என்று லோகேஸ்வரன் பெருமையாக ஃபோனை நீட்டினார். அவள் தன் மாமியாரைப் போலவே விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"ஆளே இல்லன்னீங்க? ஓரத்துல அக்கா இருக்காங்களே."

பார்த்தால், இடது மூலையில், குத்துவிளக்குத் திரியைச் சரிசெய்தபடி, முதுகைக் காட்டிக்கொண்டு ரமணி.

"அட, அவ இருக்கட்டும். அவ எங்கயும் போக மாட்டா," என்றார் லோகேஸ்வரன்.

"யாரு சொன்னா?" என்றாள் ரமணி, எச்சில் இலை வாளியைத் தூக்கிக்கொண்டே.

மண்டபத்துக்காரர் கடிகாரத்தைத் தட்டினார். லோகேஸ்வரன் முதல் முடிச்சைத் தேடிப் போனார்.