ஹார்ட் டிஸ்குக்குள் ஒரு பல்லி

என் லேப்டாப்புக்குள் ஒரு பல்லி குடியிருக்கிறது என்று நான் நம்பினேன். அதுவும் சாதாரணப் பல்லி அல்ல, நல்ல வாக்குச் சொல்லும் பல்லி. அரசாங்கச் சம்பளம் வாங்குகிற, நாற்பத்து நான்கு வயதான, இரண்டு மொழியில் கையெழுத்துப் போடத் தெரிந்த ஒருவன் இப்படி நம்பலாமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். எனக்கு வெட்கமில்லை. அன்றைக்குக் கேரள எல்லையோரத்தில், கொல்லயில் என்கிற எங்கள் பஞ்சாயத்தில் லேப்டாப்பின் வயிற்றுக்குள் என்ன இருக்கும் என்று தெரிந்தவர் எத்தனை பேர்? பல்லியை எல்லாருக்கும் தெரியும்.

தொண்ணூற்றெட்டாம் வருடம். மனைவியின் தம்பி மஸ்கட்டிலிருந்து லீவில் வந்தபோது, அவன் கம்பெனி கழித்துக் கட்டிய லேப்டாப் ஒன்றைப் போர்வைக்குள் சுருட்டிக் கொண்டுவந்து எங்களுக்குத் தந்தான். இரண்டு செங்கல் கனம். பேட்டரி முன்பே செத்துப்போயிருந்தது. கரண்டில் செருகினால்தான் உயிர் வரும்.

மனைவி பாறசாலைப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் தமிழ்ப் பிரிவில் கணக்கு டீச்சர். தபால் வழியில் எம்ஃபில் செய்துகொண்டிருந்தாள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் வீட்டில் எந்த மொழியில் எண்ணுகிறார்கள் என்பதுதான் ஆராய்ச்சி. அம்மாவிடம் தமிழில் எண்ணும் பிள்ளை கடையில் மலையாளத்தில் எண்ணும், வாய்ப்பாட்டை இங்கிலீஷில் ஒப்பிக்கும், கழித்தலில் கடன் வாங்கும்போது மூன்றையும் போட்டுக் குழப்பி அழும். இதையெல்லாம் கேட்டு எழுத இரண்டு வருடம் சனி ஞாயிறு பார்க்காமல் நடந்தாள். குளத்தூரில் கடலுக்குப் போகிறவர்களின் வீடுகளில் பிள்ளைகளை மீன் எண்ணச் சொன்னாள். எங்கள் பக்கத்தில் தேங்காய் எண்ணச் சொன்னாள். வாயில் வந்ததை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டு வந்தாள்.

டைப் அடித்தது நான். தமிழ் டைப்ரைட்டிங்கில் லோயர் பாஸானவன் என்று இருபது வருடமாக வீட்டில் பீற்றிக்கொண்டிருந்ததற்குக் கடைசியில் ஒரு வேலை வந்தது. அடித்து முடித்த நோட்டுகளை வெந்நீர் அடுப்பில் வைத்ததும் நான்தான். "எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏறியாச்சு. இனி இந்தக் காகிதம் என்னத்துக்கு, கரையான் தின்னவா?" என்று கேட்டேன். பதிலும் நானே சொல்லிக்கொண்டேன். அவள் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தாள். தெரிந்த பிறகு மூன்று நாள் வெந்நீரில் குளிக்கவில்லை, என்னோடு பேசவும் இல்லை.

ஆய்வேட்டைப் பல்கலைக்கழகத்தில் கொடுக்கவேண்டிய கடைசி நாள் ஒரு புதன்கிழமை. இரண்டு முறை தவணை வாங்கியாகிவிட்டது. மூன்றாவது கிடையாது, பதிவே ரத்தாகும் என்று கடிதம் வந்திருந்தது.

அந்தப் புதனுக்குப் பத்துப் பதினைந்து நாள் முன்பு முதல் வாக்கு வந்தது. "எட்டி, நீ பேடிக்காண்டாம். புதனுக்கு முன்னே எல்லாம் முடிஞ்சு போவும்" என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். டிக், டிக், டிக் என்று சத்தம். பேச்சுக்கு நடுவே பல்லி சொன்னால் பேசியது சத்தியம். விரலை மடக்கி மூன்று தட்டுத் தட்டி ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் வழக்கம். நான் தட்டினேன். மேசையில்தான், லேப்டாப்புக்கு அரைச் சாண் தள்ளி. பழக்கதோஷத்தில் அவளும் தட்டினாள்.

அதன் பிறகு தினமும் சொன்னது. நான் தினமும் தட்டினேன். காலண்டரின் பின்பக்கத்தில் பல்லி சொல்லுக்குப் பலன் போட்டிருக்குமே, அதை எடுத்துப் பார்த்தேன். சத்தம் வந்த திசை அவ்வளவு சரியில்லை என்றிருந்தது. விடுவேனா? மேசையையே சுவரோடு இழுத்து எதிர்த் திசையில் போட்டேன். பல்லியும் நல்ல பிள்ளையாக அங்கேயிருந்தே சொன்னது. மேசையை மாற்றினால் பல்லியும் ஏன் கூடவே மாறுகிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

வேறு அறிகுறிகளும் இருந்தன. ஒரு பைல் திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். நடுவில் திரை உறைந்து, அம்பு நகராமல் நிற்கும். ஒரு நாள் ஒரு பைலின் பெயர் கட்டங்களும் கேள்விக்குறிகளுமாக மாறிக் கிடந்தது. "மஸ்கட்ல ஏசியில வளந்த சாதனமாக்கும். இஞ்சத்த புழுக்கம் தாங்கல்ல" என்று விளக்கம் சொல்லி டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பிவைத்தேன். எனக்கு வியர்த்தது.

கடைசிப் புதனுக்கு முந்தைய சனிக்கிழமை காலை. மனைவி விசைப்பலகைமேல் காதை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இஞ்ச வாருங்க. பல்லி சுவத்துல இல்ல. இதுக்க உள்ளயாக்கும்."

"உள்ள எப்பிடி கேறும்?"

"அத நீங்கதான் சொல்லணும். பத்து நாளா அதுகிட்ட பேசிட்டிருக்கது நீங்கல்லா."

அவள் கிண்டல் செய்கிறாள் என்பது எனக்கு உறைக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த லேப்டாப்பை அப்படியே கவிழ்த்துப் பிடித்து, முறத்தில் அரிசி புடைப்பதுபோல் நான்கு குலுக்குக் குலுக்கி, முதுகில் இரண்டு தட்டுத் தட்டினேன். பல்லி விழவில்லை. நிமிர்த்திப் பார்த்தால் திரை முழுக்க நீலம். வெள்ளை எழுத்தில் என்னவோ எழுதியிருந்தது. வாசித்தாலும் புரியாது, வாசிக்கக் கண்ணும் தெரியவில்லை. "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்று நாலைந்து தடவை சொன்னேன்.

"நோட்டு ஒண்ணாவது மிச்சம் உண்டா?" என்று கேட்டாள்.

"அது வந்து, வெந்நி..."

"வேண்டாம். சொல்லாண்டாம்."

பக்கத்து வீட்டுக்கு ஓடினேன், அங்கேதான் போன். அமரவிளையில் ரோட்டோரத்து மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் பெண்ணிடம்தான் நாங்கள் பிளாப்பி வாங்குவது. அவளைக் கூப்பிட்டு, உள்ளே பல்லி கேறிவிட்டது என்றேன்.

"பல்லியா? சத்தம் எப்பிடி வருது, சாரே?"

போனில் சத்தம் போட்டுக் காட்டினேன். "டிக், டிக், டிக். பெறகு கிர்ர்ர்னு ஒரு இழுவை. பெறகும் டிக், டிக்." பக்கத்து வீட்டார் சாப்பாட்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

"சாரே, அது ஹார்ட் டிஸ்க்காக்கும். சாகப் போவுது."

"எப்ப?"

"எங்கிட்ட சொல்லிட்டா சாவும்?"

"அப்ப நான் ஸ்கூட்டர்ல வச்சு இப்பமே அங்க கொண்டு வாறேன்."

"ஐயோ, கொண்டு வரப்பிடாது! குலுக்கினா வழியிலயே தீந்துரும்." நான் ஏற்கெனவே குலுக்கியதைச் சொல்லவில்லை. "நன்னாக்குறேன்னு ஒண்ணும் செய்யாண்டாம். பார்மேட் செய்தா செரியாவும்னு எவனாவது சொன்னா அவன வீட்டுல கேத்தாதீங்க. எப்பிடியாவது ஓட வச்சு, முக்கியமா உள்ளத முதல்ல பிளாப்பியில எடுங்க. ஓடத் தொடங்கினா நிறுத்தாண்டாம். இன்னொரு தடவ எழும்புமோ என்னவோ. பெறகு, அந்தத் தமிழ் ஃபான்டையும் எடுத்துக்கிடணும். இல்லேங்கில் இஞ்ச வந்தா உங்க தமிழெல்லாம் கோழி கிண்டினது மாதிரி இருக்கும். அங்க லோட் ஷெட்டிங் எப்ப?"

"ஏழு மணி."

"அப்ப ஏழு மணி வரைக்கும் சமயம் உண்டு."

வீட்டுக்கு வந்து சுவிட்சை அணைத்து மறுபடி போட்டோம். முதல் முறை எழும்பவில்லை. இரண்டாவது, மூன்றாவது முறையும் இல்லை. நான்காவது முறை, இருமி இருமி, பதினொன்றரைக்கு எழும்பியது.

எனக்கு அதுவரை இருந்த பயம் எங்கே போனது என்று தெரியவில்லை, கோபம் வந்தது. ஒரு தகர டப்பா, பத்து நாள் என்னைக் கொண்டு சலாம் போட வைத்திருக்கிறது! "எலே, சாவணும்னா புதனுக்குப் பெறகு சாவு. மாலை போட்டு எடுக்கேன். இன்னைக்கு நீ சாவ மாட்டே" என்று அதன் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். டிக், டிக் என்றது. கை தானாக மடங்கியது. அந்தக் கையைத் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதல் பிளாப்பியைப் போட்டு முதல் அத்தியாயத்தை எடுக்கப் போனேன். அவள் தடுத்தாள்.

"அது வேண்டாம். வீட்டுக் குறிப்பு எடுங்க முதல்ல."

வீட்டுக் குறிப்பு என்பது பிள்ளைகள் சொன்னது முழுவதும். இருப்பதிலேயே பெரிய பைல்கள் அவைதான்.

"எட்டி, புதனுக்கு கொடுக்க வேண்டியது அத்தியாயமாக்கும்! குறிப்பை யாரு கேட்டா?"

"அத்தியாயம் நான் எழுதினது. போனா இன்னும் எழுதுவேன். பிள்ளைங்க சொன்னது போனா யாருகிட்ட போய்க் கேக்க? அந்தப் பிள்ளைங்க இப்ப அப்பிடியா எண்ணும்? நான் போய் வந்த பெறகு பாதிப் பேரு வகுப்பு மாறியாச்சு."

"பெரிய பைல். அதுக்குள்ள இது செத்துப் போச்சுன்னா?"

"செத்துப் போட்டும். எடுங்க."

அவள் குரல் உயரவில்லை. நான் வீட்டுக் குறிப்பை எடுத்தேன். ஒரு பைல் போய்ச் சேர அரை மணிக்கு மேல் ஆனது. அலமாரியில் கிடந்த பிளாப்பிகளில் இரண்டு மழைக்காலத்துப் பூசணம் பிடித்து ஒன்றுக்கும் உதவவில்லை. இடையிடையே திரையில் ஒரு பெட்டி எழும்பி, வாசிக்க முடியவில்லை, மறுபடி பார்க்கவா, விட்டுவிடவா என்று கேட்கும். மறுபடி பார் என்று அமுக்கினேன். மறுபடியும் கேட்டது. மறுபடியும் அமுக்கினேன். அது கேட்டுச் சலிக்கும்வரை நான் சலிக்கப்போவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். மத்தியானச் சோற்றை அவள் உருட்டித் தட்டில் வைத்தாள். ஒரு கையால் தின்றேன், மறுகை மவுஸ் என்கிற அந்த எலிக்குட்டியிலேயே இருந்தது.

மூன்றரைக்குக் குறிப்பு முழுவதும் வந்து சேர்ந்தது. அடுத்து ஃபான்ட். பிறகு ஒன்று முதல் நான்கு வரை அத்தியாயங்கள், முக்கி முனகி, ஐந்தேகால் வரை. ஐந்தாம் அத்தியாயத்தில் அது அசையவே மறுத்தது. பெட்டி வந்தது. அமுக்கினேன். வந்தது. அமுக்கினேன்.

"எத்தனை தடவையாக்கும் அமுக்குவீங்க?"

"அது தோக்குற வரைக்கும்."

"அதையே கெட்டிப் பிடிச்சிட்டிருந்தா ஆறாவதும் போவும். விட்டுட்டு அடுத்தத எடுங்க."

"விட்டா நான் தோத்த மாதிரியாக்கும்."

"நீங்க தோத்துக்கிடுங்க. எனக்கு ஆறாவது வேணும்."

எனக்கு வீறாப்பு, அவளுக்கு வேலை. விட்டுவிடு என்று அமுக்கினேன். அன்று அதை ஒரே ஒரு முறைதான் அமுக்கினேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். ஆறாம் அத்தியாயம் ஆறு மணிக்கு வந்து சேர்ந்தது. பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலும் முகவுரையும் கூட வந்தன. உடனே ஐந்தாவதுக்குத் திரும்பினேன். இந்தமுறை நகர்ந்தது. திரையில் நீலக் கட்டங்கள் ஒவ்வொன்றாக நிரம்பின. பாதி தாண்டியது. அவள் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள். முக்கால் வந்ததும், "பாத்தியா, பாத்தியா, யாருகிட்ட!" என்று நான் மேசையில் ஓங்கி ஒரு குத்து விட்டேன்.

குத்தியிருக்கக் கூடாது. கட்டங்கள் நின்றன. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். மறுபடி பார் என்று அமுக்கினேன், ஏழு மணி வரை அமுக்கிக்கொண்டே இருந்தேன். ஏழு மணிக்குக் கரண்ட் போனது.

ஏழரைக்கு வந்தது. சுவிட்சைப் போட்டோம். டிஸ்க் சுற்றவில்லை, அதன் பிறகு ஒருநாளும் சுற்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் அமரவிளை சென்டரில் உட்கார்ந்து, பிள்ளைகள் சொன்னதைத் திரையில் வாசித்து வாசித்து, ஐந்தாம் அத்தியாயத்தை மறுபடி கையால் எழுதினாள். திங்கட்கிழமை லீவு போட்டு நான் அதை அங்கேயே அடித்து, எல்லாவற்றையும் பிரின்ட் எடுத்தேன். பழையதைவிட ஒன்பது பக்கம் குறைவு. செவ்வாய்க்கிழமை பைண்டிங் ஆனது. புதன்கிழமை மத்தியானம் அவள் ஆய்வேட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள்.